கல்வெட்டில் பெயர் இல்லாத நம் பெண்கள்

மாதவரத்துக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது திருவொற்றியூர். அங்குள்ள தியாகராசர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் ஏராளம். இடைக்காலத்தில் பெண்களின் நிலை எப்படி இருந்தது என்று படிக்கும் மாணவர்களுக்கு அந்தச் சுவர்களே பாடநூல்.

11ஆம் நூற்றாண்டில் அங்கே சதுரன் சதுரி என்ற தேவரடியார் இருந்தார். நாகன் பெருங்காடனின் மனைவி என்றும் கல்வெட்டு அவரைக் குறிக்கிறது. அதற்குச் சற்று முன்னர் முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலில் 400 தளிச்சேரிப் பெண்களைக் குடியமர்த்தி, ஆளுக்கொரு வீடும் நெல் பங்கும் கொடுத்தான். செம்பியன் மாதேவி போன்ற அரசிகள் கோயில்களையே கட்டினார்கள்.

13ஆம் நூற்றாண்டில் காட்சி மாறுகிறது. அதே திருவொற்றியூரில், 1235இல் ஐந்து பெண்களை நெல் குத்துவதற்காகக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டார் ஒருவர். 1201இல் திருப்பாம்புரத்தில், பஞ்சம் தாங்காமல் ஒரு வேளாளர் தன்னையும் தன் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். பஞ்சமும் கடனும் வந்தபோது முதலில் விலைபோனவர்களில் பெண்களும் இருந்தார்கள்.

இதோடு பாடநூல்கள் நிறுத்திவிடும். நாம் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இந்தக் கதையில் நம் பெண்கள் எங்கே?

தஞ்சைக் கல்வெட்டுகளில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. வரி நீக்கிய நிலக் கணக்கில், ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றின் வரிசையில் அவையும் எழுதப்பட்டன. சேரி இருந்தது, சேரியில் வாழ்ந்தவள் பெயர் இல்லை. நாற்று நட்டவளும் களை பறித்தவளும் இல்லாமல் அந்த நெல் விளைந்திருக்குமா? அரசி கொடையாளியாக இருந்த பொற்காலத்திலும் சேரிப் பெண் வெறும் உழைப்பாகவே இருந்தாள். ஆகவே, ‘இடைக்காலப் பெண்களின் நிலை’ என்று ஒரே நிலை இருந்ததில்லை. சாதிக்கு ஒரு நிலை இருந்தது.

பெயர் இருந்த இடத்தில்தான் உரிமையும் இருந்தது. கல்லில் பெயர் பெற்றவளுக்கு வீடும் பங்கும் கிடைத்தன. இன்று அந்தக் கல்லின் இடத்தில் பட்டா இருக்கிறது. பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டு என்று தமிழகம் 1989இலேயே சட்டம் செய்துவிட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் அது வந்தது.

மாணவர்களே, வரலாற்றுப் பாடத்தை மூடிய கையோடு வீட்டுப் பட்டாவை எடுத்துப் பாருங்கள். அதில் அம்மாவின் பெயர் இருக்கிறதா? அக்காவுக்குப் பங்கு உண்டா? ஆயிரம் ஆண்டுகளாக விடுபட்ட பெயரை இனியாவது நாம் எழுதுவோம்.