கோப்புச் சிதைவு

கோப்புச் சிதைவு என்பது கணினிக் கோப்பொன்றைச் சேமிக்கும்போதோ, ஒரு வன்தட்டிலிருந்து மற்றொன்றுக்குப் படியெடுக்கும்போதோ அதன் தரவு மூலத்திலிருந்து மாறிவிடுவதைக் குறிக்கும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாமல் நிகழும் சிதைவே மிகவும் தீங்கானது. மூலக்கோப்பு அழிக்கப்பட்ட பின்னரே பெரும்பாலும் அது தெரியவருகிறது.

தமிழ் உரையில் விளைவு

ஒருங்குறியில் ர, ற ஆகியவற்றின் குறியெண்கள் ஒரே ஒரு பிட்டால் வேறுபடுகின்றன. ல-ள, ந-ன இணைகளும் அவ்வாறே. ஆகவே ஒரு பிட்டு புரண்டால் "திருவரங்கம்" என்பது "திருவறங்கம்" ஆகிவிடலாம். கோப்பின் அளவு மாறாது. கோப்பும் வழக்கம்போல் திறக்கும்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயிலின் கல்வெட்டுகள், தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் 24ஆம் தொகுதியில் அச்சிடப்பட்டுள்ளன. இத்தகைய பாடங்களைத் தட்டச்சு செய்து சேமிக்கும்போது ரகரம் றகரமாக மாறினால், அது கல்லில் உள்ள எழுத்து வழக்கா, கணினியில் நேர்ந்த சிதைவா என்பதைக் கோப்பை மட்டும் கொண்டு அறிய இயலாது. சுருக்கப்பட்ட கோப்புகளிலும் ஒளிப்படங்களிலும் ஒரு பிட்டுப் பிழையே பெரும்பகுதியைப் பாழாக்கக்கூடும்.

காரணங்கள்

* பழுதான நினைவகம். படியெடுக்கப்படும் தரவு நினைவகத்தின் வழியே செல்கிறது. பிழைதிருத்தும் வசதியற்ற நினைவகத்தில் நேரும் மாற்றத்தை இயங்குதளம் அறியாது.
* தளர்ந்த அல்லது பழுதான வடம். சாட்டா இணைப்பு பிழைகளைக் கண்டறிந்து தரவை மீண்டும் அனுப்பும். எனவே பெரும்பாலும் வேகக்குறைவே முதல் அறிகுறியாகும்.
* வன்தட்டில் பழுதான பிரிவுகள்.
* மின்தடை, அல்லது எழுதி முடியும் முன் வெளி வன்தட்டைக் கழற்றுதல்.
* யூ.எஸ்.பி. வன்தட்டுக்குப் போதிய மின்சாரம் கிடைக்காமை.

கண்டறியும் முறை

கோப்பின் எல்லா பைட்டுகளையும் கொண்டு கணிக்கப்படும் சரிபார்ப்புத்தொகை இதற்கு உதவுகிறது. எம்டி5 (1992), எஸ்எச்ஏ-256 ஆகியன பரவலானவை. ஒரு பிட்டு மாறினாலும் தொகை முற்றிலும் வேறுபடும்.

1. மூலக்கோப்பின் தொகையை இருமுறை கணிக்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் நினைவகத்தையோ படிக்கும் பாதையையோ ஐயுறலாம்.
2. படியெடுத்தபின் வன்தட்டை முறைப்படி கழற்றி, மீண்டும் இணைத்து, படியின் தொகையைக் கணிக்க வேண்டும். கழற்றாவிடில் கணினி தட்டைப் படிக்காமல், நினைவகத்தில் எஞ்சியுள்ள தரவையே காட்டக்கூடும்.
3. தொகைகள் வேறுபட்டால் வடத்தையும் இணைப்புத்துளையையும் மாற்றி மீண்டும் படியெடுக்க வேண்டும்.
4. சிதைவு தொடர்ந்தால் மெம்டெஸ்ட்86 போன்ற மென்பொருளால் நினைவகத்தையும், ஸ்மார்ட் பதிவுகளால் வன்தட்டையும் சோதிக்கலாம். வடப்பிழைகளுக்கும் பழுதான பிரிவுகளுக்கும் அப்பதிவுகளில் தனித்தனி எண்ணிக்கைகள் உண்டு.
5. வேறொரு கணினியில் அதே வன்தட்டுகள் பிழையின்றி இயங்கினால், பழுது முதற்கணினியைச் சார்ந்தது எனக் கொள்ளலாம்.

தடுப்பு

தொகைகள் ஒத்திருப்பதை உறுதிசெய்யும் வரை மூலக்கோப்பை அழிக்கலாகாது. வன்தட்டில் பழுது தென்பட்டால் சீர்செய்ய முயலும் முன் தரவைப் படியெடுப்பதே முதற்பணியாகும். செட்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைமைகள் தரவுடன் சரிபார்ப்புத்தொகையையும் சேமித்து, படிக்கும்போது ஒப்பிடுகின்றன. எனினும் எழுதப்படும் முன்பே நினைவகத்தில் சிதைந்த தரவை அவையும் சரியெனவே ஏற்கும்.

இவற்றையும் பார்க்கவும்

* வன்தட்டு
* ஒருங்குறி
* காப்புப்படி