கார்த்திகைப் பொரியும் பாகின் பதமும்

திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழல் படியும் கடைவீதிகளில், கார்த்திகைத் தீபத்துக்கு முந்தைய நாட்களில் அகல் விளக்குக் குவியல்களுக்குப் பக்கத்திலேயே நெற்பொரியும் அவற்பொரியும் சாக்குச் சாக்காக வந்து இறங்குவதைக் காண்பவர்களுக்கு, இந்தப் பண்டிகைக்கு எண்ணெயும் திரியும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பொரியும் வெல்லமும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆயினும், விளக்கைத் தம் கையால் ஏற்றுகிறவர்களில் பலர், நைவேத்தியத்துக்கு உரிய பொரி உருண்டையை மட்டும் கடையிலிருந்து கட்டிவந்து வைத்துவிடுகிறார்கள். அவகாசம் இல்லை என்று அவர்கள் கூறினாலும், உண்மையான காரணம் பாகைப் பற்றிய பயமே என்பது என் அபிப்பிராயம். அந்தப் பயம் அநாவசியமானது. முதன்முறையாக அடுப்பின் முன் நிற்கும் ஒருவர் கூட, கண்ணையும் காதையும் சற்றே நம்பினால், அன்று மாலைக்குள் ஒரு தட்டு உருண்டை பிடித்துவிடலாம்.

முதலில் வெல்லத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பழனிக்கு அருகே நெய்க்காரப்பட்டிப் பக்கம் கரும்பு ஆட்டி வெல்லம் காய்ச்சுவது நெடுநாளைய தொழில். ஆகவே இந்த ஜில்லாவில் நல்ல வெல்லத்துக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தைப் பார்த்து மயங்குவது கூடாது. அந்த நிறம் பெரும்பாலும் ரசாயனத்தால் வருவது. கறுத்து, கெட்டியாக இருப்பதைத் தேர்ந்து, கடைக்காரரிடம் ‘பாகு வெல்லம்’ என்று கேட்டு வாங்குவதே உத்தமம். ஆறு ஆழாக்குப் பொரிக்கு ஓர் ஆழாக்கு பொடித்த வெல்லம் போதும். அது முழுகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டுக் கரைத்து, மண்ணும் சக்கைத் துணுக்கும் போக வடிகட்டி, அடி கனமான பாத்திரத்தில் மறுபடி அடுப்பேற்ற வேண்டும். நெற்பொரியானால் உமியை முன்னதாகவே சலித்துப் புடைத்து வைத்திருப்பது அவசியம். பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்த தேங்காய், பொட்டுக்கடலை, ஏலம், சுக்கு எல்லாம் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாகு வந்த பிறகு எதையும் தேடிக்கொண்டிருக்க முடியாது.

பாகு காய்வது என்பது வேறொன்றும் இல்லை, தண்ணீர் வெளியேறுவதுதான். தண்ணீர் குறையக் குறைய இனிப்பின் செறிவு கூடுகிறது. செறிவு கூடக் கூடக் கொதிநிலையும் உயர்கிறது. நூறு டிகிரியைத் தாண்டி, 112-லிருந்து 116 வரை அதிரசத்துக்கு உரிய மெத்தென்ற உருட்டுப் பதம்; 121-லிருந்து 130 வரை பொரி உருண்டைக்கு உரிய கெட்டிப் பதம்; 150-ஐ நெருங்கும்போது கடலை மிட்டாய்க்கு உரிய, கடித்தால் நொறுங்கும் பதம். 2020-ஆம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் கீர்த்தி எல்லாம், நல்ல கடலையோடு, இந்தக் கடைசிப் பதத்தைத் தப்பாமல் பிடிக்கும் கைகளால் வந்தது என்றே சொல்லலாம்.

இந்த டிகிரிக் கணக்கு எதையும் அறியாத ஒரு மூதாட்டி, எங்கள் தெருவில் தம் பேத்திக்கு முதன்முறையாகப் பாகு காய்ச்சச் சொல்லிக் கொடுத்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் கரண்டி நுனியால் அந்தப் பெண் பாகைச் சொட்டினாள்; அது கரைந்து பரவிற்று. மறுபடி சொட்டியபோது அடியில் தங்கியது, எடுத்தால் விரலில் வழிந்தது. பாத்திரத்தில் பெரிய பெரிய குமிழிகள் அடங்கிச் சிறுத்து, மேலெல்லாம் நுரைத்து, வெல்லத்தின் பச்சை வாசனை மாறி முறுகிய மணம் எழுந்த நேரத்தில், அடுத்த சொட்டு விரல்களுக்கிடையே முத்தாகத் திரண்டது. அதைத் தட்டில் போட்டதும் ‘டங்’ என்றது.

“அப்பத்தா, இன்னும் கொஞ்சம் விடவா?”

“வேணாம் ஆத்தா, இறக்கிரு. இதுக்கு மேல நின்னா கடிக்கிறவுக பல்லு போயிரும்.”

வெப்பமானி காட்டுவதைத்தான் கிண்ணத்துத் தண்ணீரும் காட்டுகிறது. இரண்டாவது கருவி எந்த வீட்டிலும் இருக்கிறது என்பது அதன் விசேஷம். எந்தத் தாளிலும் எழுதிவைக்காமல், தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கைமாற்றிக் கொடுத்து வந்த இந்த அளவைமுறையைச் சாஸ்திரம் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை. வீட்டில் பெரியவர்கள் இருக்கிறபோதே இதை அவர்கள் அருகில் நின்று கற்றுக்கொள்ளவேண்டும் என்று நான் மிகவும் ஆசைப்படுகிறேன்.

இறக்கிய பாகைப் பொரியின்மேல் பரவலாக ஊற்றி, மரக்கரண்டியால் அடியிலிருந்து மேலாகப் புரட்டியபின், கை பொறுக்கும் சூடு வந்த மாத்திரத்தில் பிடிக்கத் தொடங்கவேண்டும். உள்ளங்கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டால் ஒட்டாது; சூடும் அவ்வளவாக உறைக்காது. முதலில் லேசாகச் சேர்த்து, பிறகே இறுக்கவேண்டும். ஆரம்பத்திலேயே அழுத்தினால் பொரி நசுங்கிவிடும். குழந்தைகளைப் பாகுப் பாத்திரத்தின் பக்கம் அண்டவிடலாகாது. கொதிநீரைக் காட்டிலும் சூடான பாகு தோலில் ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையது.

கார்த்திகை மாதம் நமக்கு மழைக்காலம். வெல்லமோ காற்றின் ஈரத்தை இழுக்கும் தன்மையது. ஆகவே, நன்றாக ஆறிய உருண்டைகளைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால் மறுநாளே பிசுபிசுத்துப் போகும். பதம் முந்திவிட்டாலும் கவலை இல்லை: பொரியைக் கலக்குமுன் பாகு பாத்திரத்திலேயே கல்லாக இறுகிவிட்டால், கரிந்த வாடை வராதவரை, ஒரு கை தண்ணீர் விட்டு மறுபடி இளகவைத்து, முதலிலிருந்து காய்ச்சிக்கொள்ளலாம், பொரியைக் கலந்தபின் இறுகினால், பாத்திரத்தைச் சிறு தணலில் சற்று வைத்தெடுத்தால் மறுபடி பிடிக்க வரும்.