காட்டு வழியில் காப்பாற்றியது எது?

கண்டியில் நாங்கள் நடத்திய தையல் வகுப்புக்கு ஒருமுறை வெளிநாட்டிலிருந்து ஒரு பெட்டி புத்தகம் வந்தது. அநேகமானவை கிறிஸ்தவ வாசகிகளுக்கென எழுதப்பட்ட ஆங்கிலக் காதல் நாவல்கள். காதலும் மர்மமும் விசுவாசமும் கலந்த இவ்வகை நாவல்களுக்கு ஹார்லிக்குவின் பதிப்பகம் 2005 இல் ஒரு தனி வரிசையையே தொடங்கியது.

பகல் சாப்பாட்டின் பின் அவற்றில் ஒன்றைத் தமிழில் சொன்னேன். ஒரு பெண் கொலைகாரனுக்குப் பயந்து மலைக்காட்டில் ஓடுகிறாள். வனக்காவலன் ஒருவன் வருகிறான். இருவரும் செபிக்கிறார்கள். ஆபத்து நீங்குகிறது, கல்யாணம் நடக்கிறது.

வன்னியிலிருந்து வந்திருந்த ஒரு சகோதரி தையலை நிறுத்தாமலே கேட்டார்: "அக்கா, நாங்களும் காட்டுக்குள்ளாலதான் வந்தனாங்கள். நாங்களும் செபிச்சனாங்கள். எங்களைத் தேடி ஒருத்தரும் வரேல்லையே?"

சமூகவியல் படித்த எனக்கு அதற்கு மறுமொழி தெரியவில்லை. அடுத்த நாள், இதே கண்டிப் பக்கத்தில் நடந்த ஓர் உண்மைக் கதையைச் சொன்னேன்.

1660 இல் ஓர் ஆங்கிலக் கப்பல் திருகோணமலைக்கு அருகே கொட்டியாரக் குடாவில் நின்றபோது, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்கள் அதில் வந்த பதினாறு பேரைச் சிறைப்பிடித்தார்கள். அவர்களில் கப்பல் தலைவரும் அவருடைய மகன் றொபேட் நொக்ஸும் இருந்தார்கள். மகனுக்கு வயது 19. அடுத்த ஆண்டே தகப்பன் காய்ச்சலில் இறந்துபோனார். தானும் காய்ச்சலால் மெலிந்திருந்த மகன் அவரை அடக்கம் செய்தார்.

ஊர்களில் விடப்பட்ட நொக்ஸ் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்தார். ஒருநாள் ஒரு கிழவரிடம் ஆங்கில வேதாகமம் ஒன்றைக் கண்டார். அதற்கு அவர் கொடுத்த விலையும் ஒரு பின்னல் தொப்பிதான்.

இந்தக் கதையில் காதல் இல்லை. கூட இருந்தவர்கள் பலர் இங்கேயே மணம் முடித்தார்கள். நொக்ஸ் முடிக்கவில்லை. கண்டிக்கு அண்மையில் எலதெத்த என்ற ஊரில் காணி வாங்கி இருந்தார். தோழர் ஸ்ரீபன் றட்லண்டுடன் சாமான் விற்கும் சாட்டில் வடக்கே போய்ப்போய், வருடக்கணக்காக வழி பழகினார். 1679 செப்ரெம்பரில் இருவரும் புறப்பட்டு, அநுராதபுரம் கடந்து, யானை நடமாடும் காட்டுக்குள்ளால் மல்வத்து ஓயாவைப் பின்பற்றி நடந்து, ஒக்ரோபரில் மன்னார் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள்.

"மல்வத்து ஓயா எண்டால் எங்கட அருவியாறு!" என்று வகுப்பில் ஒரே சத்தம்.

கேள்வி கேட்ட சகோதரி மட்டும் பேசாமல் இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தகப்பனை எங்க தாட்டதெண்டு அவருக்குத் தெரியும். எனக்கு என்ர மனுசன் எங்க எண்டே தெரியாது."

அதற்கும் என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவ்வளவுதான் செய்ய முடிந்தது.

சகோதரிகளே, நாவலில் காப்பாற்றுபவன் வெளியிலிருந்து வருகிறான். நொக்ஸைத் தேடி அப்படி எவரும் வரவில்லை. அவரைக் காப்பாற்றியவை அவருடைய கைத்தொழில், பழகி அறிந்த பாதை, ஒரு தோழர், கைவிடாத செபம். இவற்றில் ஏதோ ஒன்று நம்மில் பலரிடம் இருக்கின்றது. ஆறுதலுக்காக நாவல் வாசிப்பதில் பிழையில்லை. ஆனால் யாரும் வரவில்லை என்பதால் நமது செபம் குறைந்தது என்று எண்ண வேண்டாம்.

நொக்ஸ் தன் கதையை எழுதி 1681 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 1719 இல் வந்த 'றொபின்சன் குரூசோ' நாவலுக்கு அதுவும் ஒரு தூண்டுதல் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். நீங்கள் நடந்த பாதையையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும். அந்தச் சகோதரி அடுத்த வாரம் ஒரு கொப்பியுடன் வந்தார். முதற் பக்கத்தில் கணவரின் பெயரும், அவரைக் கடைசியாகக் கண்ட நாளும், இடமும் இருந்தன.