ஜெர்மனியில் டாக்டர் பட்டப் பயிற்சி

சர்வகலாசாலைகள் அளிக்கும் பட்டங்களுள் தலையாயது டாக்டர் பட்டம். ஏனைய பட்டங்களுக்கு முன்னோர் கண்டவற்றைக் கற்றுத் தேர்தல் போதும்; இதற்கோ, பிறர் காணாத ஒன்றைத் தானே தேடிக் கண்டு நிலைநாட்டல் வேண்டும். ஆராய்ச்சியை அடிப்படையாகக் கொண்ட இப்பட்டம் ஜெர்மன் தேசத்தில் உருப்பெற்றுப் பிற நாடுகளுக்குப் பரவியது. அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலை 1861இல் இதனை முதன்முதலாக வழங்கிற்று; இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு 1917இல் இதற்கு விதி வகுத்தது. ஆயினும், பட்டம் பிறந்த நாட்டிலேயே அதற்குரிய பயிற்சி முறை சென்ற சில பதிற்றாண்டுகளில் பெரிதும் மாறியுள்ளது. அம்மாற்றத்தையே ஈண்டுக் கூறப் புகுந்தோம்.

ஆராய்ச்சி மாணாக்கனை வழிநடத்தும் ஆசிரியரை ஜெர்மானியர் 'டோக்டர்ஃபாட்டர்', அதாவது 'டாக்டர் தந்தை', என்பர். பெயரே பழைய முறையை விளக்கிவிடும். மாணாக்கன் ஒரு பேராசிரியரை நாடிச் செல்வான். அவர் ஏற்றுக்கொண்டால் போதும். கட்டாய வகுப்பில்லை, கண்டிப்பான காலவரையறையும் இல்லை. நல்லாசிரியர் வாய்த்தவனுக்கு இதனினும் சிறந்த முறை வேறில்லை என்றே சொல்லலாம். வாய்க்காதவன் நிலை யாது? நெறி காட்டுபவரும் அவரே. கட்டுரையை மதிப்பிடுபவருள் முதல்வரும் அவரே. பல வேளைகளில் ஊதியத்துக்கு வழிசெய்பவரும் அவரே. அவர் வேறிடம் பெயர்ந்தாலோ, மனம் வேறுபட்டாலோ, மாணாக்கன் முறையிடத் தக்க இடம் பிறிதொன்றில்லை. இளமையின் ஐந்தாறு ஆண்டுகள் ஒருவருடைய மனப்போக்கைப் பொறுத்து நின்றன.

இக்குறையை நீக்குதற்கு ஜெர்மன் ஆராய்ச்சிச் சங்கம் 1990ஆம் ஆண்டில் 'கிராடுயீர்ட்டன்கொலேக்' என்னும் அமைப்பைத் தொடங்கிற்று. ஆராய்ச்சிப் பயிற்சிக் குழாம் என இதனைக் கூறலாம். பேராசிரியர் சிலர் ஒரு பெரும்பொருளைக் குறித்து ஒருங்கு கூடித் திட்டம் வகுத்து விண்ணப்பிப்பர். பிற அறிஞர் ஆய்ந்து ஒப்பினால் பொருளுதவி கிட்டும். குழாம் எத்துணைச் சிறந்ததாயினும், ஒன்பது ஆண்டுகளுக்குமேல் அவ்வுதவி நீளாது. இடையே ஒருமுறை மறுபரிசோதனையும் உண்டு. பொருளும் மனிதரும் தேங்கிவிடாதவண்ணம் இட்ட வரம்பு இது போலும்.

மாணாக்கர்க்குரிய இடங்களைப் பலரறிய விளம்பரம் செய்து, குழுவாக அமர்ந்து தெரிந்தெடுப்பர். ஒவ்வொருவர்க்கும் வழிகாட்டிகள் இருவரேனும் அமைவர். எப்பொழுது சந்திப்பது, எப்பகுதியை எப்பொழுது முடிப்பது என்பவற்றை எழுத்தில் உடன்படிக்கை செய்துகொள்வர். ஆராய்ச்சி முறைகளைப் பயிற்றும் வகுப்புக்களும், வெளியூர் அறிஞர் சொற்பொழிவுகளும் உண்டு. எனினும், இவ்வமைப்பின் உயிர்நிலை மாணாக்கர் கூடும் கருத்தரங்கே என்பது எம் கருத்து. ஒருத்தி தன் சோதனை பயன்படாது போயிற்று என்று அங்கே உரைப்பாள். வேறோர் ஆசிரியரிடம் பயிலும் ஒருவன் அதன் காரணத்தைச் சுட்டுவான். தனியறையில் ஓராண்டு உழன்றும் விளங்காதது ஒரு மாலைப் பொழுதில் விளங்கிவிடுதல் கூடும். தன் இடரைத் தன் ஆசிரியர்க்கன்றிப் பிறர்க்கும் சொல்ல இடமிருத்தல் சிறு நன்மையன்று.

2011ஆம் ஆண்டில் அந்நாட்டுப் பாதுகாப்பு மந்திரியாயிருந்த குட்டன்பெர்க் என்பாரின் டாக்டர் பட்டத்தைப் பைரோய்ட் சர்வகலாசாலை பறித்தது. அவர் பிறர் எழுதியவற்றைத் தம் கட்டுரையிற் குறிப்பின்றிச் சேர்த்திருந்தமையே காரணம். அதன்பின், ஒருவர் கண்காணிப்பு மட்டும் போதாது என்னும் கொள்கை வலுப்பெற்றது.

புதுமுறைக்கும் குறையுண்டு. பெரும்பொருள் முன்னரே வகுக்கப்படுதலின், மாணாக்கன் தன் உள்ளம் நாடும் துறையில் தனிவழி செல்வதற்கு இடம் சுருங்குகிறது. ஊதியமும் மூன்று நான்கு ஆண்டுகளில் நின்றுவிடும். பழஞ்சுவடிகளை ஆய்வோனுக்கு அக்காலம் மொழி பயிலவே போதாது. ஆகலின் பலர் இன்றும் பழைய வழியையே தெரிந்துகொள்கின்றனர். இரண்டும் அருகருகே வழங்குகின்றன.

எவ்வழியில் வந்தோர்க்கும் இறுதி விதிகள் மாறவில்லை. கட்டுரையை ஆசிரியர் மதிப்பிட்ட பின்னர், மாணாக்கன் அவர்கள் முன்னிலையில் வாய்மொழித் தேர்வில் தேறுதல் வேண்டும். அதன்பின்னும், கட்டுரையை வெளியிட்டு யாவரும் படிக்கச் செய்தாலன்றி, அவன் தன் பெயருக்குமுன் 'டாக்டர்' என எழுதிக்கொள்ளும் உரிமை பெறான்.