வரி வாயில் இருக்கிறது, நூல் எங்கே?

முதலில் ஒரு சின்னப் போட்டி. கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பிச்சை எடுத்தாவது படி என்றவர் யார்? கடல் கடந்து போயாவது செல்வம் தேடு என்பது எந்த நூல்? எல்லா ஊரும் நம் ஊர்தான் என்பது குறளா, பாரதியா? சோறு கொடுத்தவர் உயிரையே கொடுத்தவர் என்பது எங்கே வருகிறது? கடன்பட்டவன் நெஞ்சைப்போல் இராவணன் கலங்கினான் என்று பாடியவர் கம்பர்தானே?

ஜொகூர் பாருவில் ஒரு திருமண மண்டபத்திலோ, குளுவாங்கில் ஒரு கோயில் விழாவிலோ இவற்றைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் மூன்று பெயர்களுக்குள் பதில் முடிந்துவிடும். அறிவுரையாக இருந்தால் வள்ளுவர். பாட்டி சொல்வதுபோல் இருந்தால் ஔவையார். குரல் உயர்ந்தால் பாரதி. ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தை மூன்று பேர் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறோம்.

பிச்சை எடுத்தாவது படிக்கச் சொன்னவர் ஔவையார் இல்லை. தென்காசிப் பாண்டியரான அதிவீரராமர். நூல் வெற்றி வேற்கை. மே 16 ஆசிரியர் தினம் வந்தால் பள்ளி மேடைகளில் தவறாமல் ஒலிக்கும், எழுத்தறிவித்தவரை இறைவனாக்கும் வரியும் அதே நூலின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அதைத் திருக்குறள் என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவோர் உண்டு. கடல் கடந்து பொருள் தேடச் சொல்வது கொன்றை வேந்தன். ஔவை என்ற ஊகம் இங்கே மட்டும் பலிக்கும். ஆனால் அதைப் பழமொழி என்று நினைப்பவர்களே அதிகம். இலங்கை வேந்தன் கடனாளிபோல் கலங்கிய உவமை கம்பராமாயணத்தில் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் இராம நாடகம் இயற்றிய சீர்காழி அருணாசலக் கவிராயர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் பாட்டு அது. கம்பர் புகழ் பெரிது. பாட்டு அவர் கணக்கில் ஏறிவிட்டது.

ஓர் அடி தெரியும், மற்ற அடிகள்?

பெயர் மாறியது சின்ன நட்டம். பொருள் மாறியதுதான் பெரிய நட்டம்.

எல்லா ஊரும் நம் ஊர் என்பது புறநானூற்றின் 192ஆம் பாட்டு. கணியன் பூங்குன்றனார் பாடியது. 13 அடிகளில் நமக்குத் தெரிந்தது ஒன்று, கூடிப்போனால் இரண்டு. நன்மையும் தீமையும் பிறர் தந்து வருவதில்லை என்று தொடர்கிறது பாட்டு. ஆற்று வெள்ளத்தோடு போகும் தெப்பமாக உயிரைக் காட்டுகிறது. ஆகையால் பெரியவர்களைக் கண்டு வியக்கமாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடிகிறது. நம் விழாக்களில் பிரமுகர்களுக்கு வரிசையாக மாலையும் பொன்னாடையும் விழும்போது, இடையிடையே அறிவிப்பாளர் முழங்குவது இதே பாட்டின் முதல் அடியைத்தான். கடைசி அடி தெரிந்திருந்தால் பொன்னாடை பிடித்த கை கொஞ்சம் கூசும்.

சோறு கொடுத்தவரைப் போற்றும் அடி புறநானூறு 18ஆம் பாட்டிலும் வருகிறது, மணிமேகலையிலும் வருகிறது. அன்னதானப் பதாகைக்குப் பொருத்தமானதுதான். ஆனால் புறநானூற்றில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் பேசுவது அன்னதானம் பற்றி அல்ல. உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது, ஆகவே பள்ளமான இடம் பார்த்து நீரைத் தேக்கு, அப்போதுதான் உன் பெயர் நிற்கும் என்கிறார். ஆட்சியாளருக்குச் சொன்ன நீர்ப் பாடத்தைச் சாப்பாட்டுப் பந்தலோடு நிறுத்திவிட்டோம்.

இவற்றையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். மன்னிக்க முடியாத ஒன்று உண்டு. தமிழ்ப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு மாணவர் எண்ணிக்கை குறைந்தது என்று செய்தி வந்தால் போதும். தமிழ் மெல்லச் சாகும் என்று பாரதி அன்றே சொன்னார் என யாராவது தொடங்கிவிடுவார்கள். பாரதியின் முடிவு அது இல்லை. ‘தமிழ்த்தாய்’ என்ற அந்தப் பாட்டில் பேசுபவள் தமிழ்த்தாய். இப்படி ஒரு பேதை சொன்னான் என்று தன் மக்களிடம் முறையிடுகிறாள். அந்தப் பழி தனக்கு வரலாமா என்று கேட்கிறாள். எட்டுத் திசைக்கும் போய்க் கலைச்செல்வங்களைக் கொண்டுவந்து சேருங்கள் என்று கட்டளையிடுகிறாள். பேதையின் பேச்சைப் பாரதி வாயில் திணித்துவிட்டுக் கட்டளையை மறந்துவிட்டோம். எட்டில் ஒரு திசைக்கு வந்து சேர்ந்த நாமே அந்தப் பாட்டை ஒப்பாரியாக்குவது கொடுமை.

பக்கத்து வீட்டிலும் இதே கதைதான். மலாய் இனம் உலகிலிருந்து மறையாது என்ற முழக்கத்தை மலாய் வீரர் ஹாங் துவா சொன்னதாகவே நாடு முழுவதும் சொல்கிறார்கள். 1612இல் ஜொகூர் அரசவையின் ஆணைப்படி பெண்டஹாரா துன் ஸ்ரீ லானாங் தொகுத்ததாகச் சொல்லப்படும் மலாய் வரலாற்று நூலான சுலாலதுஸ் சலாத்தினில் அது இருக்கிறதா, ஹிகாயாட் ஹாங் துவாவில் இருக்கிறதா, வாய்மொழியாக வந்ததா என்ற வாதம் மலாய் அறிஞர்களிடையே உண்டு. அவர்கள் ஏட்டைத் திறந்துவைத்து வாதிடுகிறார்கள். நாம் எப்போது திறக்கப் போகிறோம்?

நூற்பெயர் செய்த உதவி

எந்த நூல் என்று கேட்பது புலவர்களின் வீண் பிடிவாதம் இல்லை. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் மேற்கோள்களை அள்ளித் தருவார்; நூற்பெயரைப் பெரும்பாலும் சொல்லமாட்டார். சீவக சிந்தாமணியை அவர் உரையோடு பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், அவை எந்தெந்த நூல்களைச் சேர்ந்தவை என்று ஏடு ஏடாகத் தேடினார். அந்தத் தேடல் அவரைச் சங்க நூல்களிடம் கொண்டுபோனது. சிந்தாமணி 1887இல் அச்சேறியது, புறநானூறு 1894இல்.

பழம்பாடல் தொகுப்பான புறத்திரட்டைத் தொகுத்தவர் யாரென்று தெரியாது. ஆனால் எந்தப் பாட்டு எந்த நூல் என்று அவர் குறித்து வைத்தார். முத்தொள்ளாயிரம் முழு நூலாகக் கிடைக்கவில்லை. அதன் நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டுகள் இன்று நம் கையில் இருப்பது அந்தக் குறிப்பின் புண்ணியம்.

ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்த 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் புறநானூறு புதிதாக அச்சேறிய நூல். அவர்கள் வாயில் ஔவை வந்தாள், கையில் புறநானூறு வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. நமக்கு என்ன சாக்கு?

நம் தொடக்கப்பள்ளிப் பாடத்தில் செய்யுளும் மொழியணியும் என்று தனிப் பகுதியே இருக்கிறது. ஆத்திசூடி, கொன்றை வேந்தன், வெற்றி வேற்கை, உலகநீதி, மூதுரை, குறள் எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகள் மனனம் செய்வது வரியையும் பொருளையும். எழுதியவர் யார், முன்னும் பின்னும் என்ன வருகிறது என்று சொல்ல வகுப்பில் நேரம் கிடைப்பதில்லை. இடைநிலைப்பள்ளியில் தமிழ் விட்டுப்போனால் வரி மிஞ்சும், நூலின் பெயர் உதிர்ந்துவிடும். மிச்சத்தைப் புலனம் பார்த்துக்கொள்கிறது: காலை வணக்கத்தோடு வள்ளுவர் படம், கீழே யாரோ எழுதிய வசனம். செயற்கை நுண்ணறிவுச் செயலியைக் கேட்டால் தயங்காமல் குறள் எண்ணே கொடுத்துவிடும். புரட்டிப் பார்த்தால் அங்கே வேறு குறள் இருக்கக்கூடும்.

பொருள் நல்லதாக இருந்தால் யார் சொன்னால் என்ன என்று கேட்போரும் உண்டு. அவர்கள் துணைக்கு அழைப்பது 423ஆம் குறளை. யார் சொன்னாலும் மெய்ப்பொருளைத் தேடு என்கிறது அது. சொன்னவரை மாற்றிவிடு என்று சொல்லவில்லை.

மதுரைத் திட்டம் 1998 முதல் இந்த நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் உரையோடும் படிக்கலாம். ஆசிரியர்களே, ஒரு செய்யுளை நடத்தி முடித்ததும் இதற்கு அடுத்த வரி என்ன என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெற்றோரே, அழைப்பிதழில் வரி அச்சிட்டால் கீழே நூற்பெயரையும் அச்சிடுங்கள். மேடைப் பேச்சாளர்களே, மேற்கோள் காட்டும்போது நூலையும் பாட்டு எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். எந்த நூல் என்று தெரியவில்லையா, தெரிந்துகொள்ளும்வரை அந்த வரியைச் சொல்லாதீர்கள்.