பழுதடைந்த கொலஸ்ட்ரோலும் முயலின் பெருநாடியும்

கொழுப்புணவு பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அதனை எவ்வளவு உண்கின்றோம் என்றே கணக்கிடுகின்றோம். அக்கொழுப்பு எந்நிலையில் எமது உணவுத் தட்டை வந்தடைகின்றது என்று கேட்போர் மிகச் சிலரே. விலங்குகளில் நடத்தப்பட்ட பரிசோதனைகள் இவ்விரண்டாவது கேள்வியையும் புறக்கணிக்க முடியாதெனக் காட்டுகின்றன.

1913 இல் ரஷ்யாவின் சென். பீற்றர்ஸ்பேர்க் நகரில் அனிச்கோவ், சலாத்தோவ் ஆகிய இருவரும் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த கொலஸ்ட்ரோலை முயல்களுக்கு ஊட்டினர். முயல்களின் நாடிச் சுவர்களில் கொழுப்புப் படிந்தது. கொலஸ்ட்ரோலே குற்றவாளி என்ற முடிவுக்கு அப்பரிசோதனை வழிவகுத்தது. ஆனால் 1976 இல் அமெரிக்க ஆய்வாளர்களான இமாய், டெய்லர் முதலானோர் வேறொரு விடயத்தை முன்வைத்தனர். நெடுநாள் காற்றுப்பட வைக்கப்பட்ட கொலஸ்ட்ரோல் ஒட்சியேற்றமடைகின்றது; அதிலிருந்து பிரித்தெடுத்த மாசுகளே முயலின் நாடிக் கலங்களை அதிகம் சேதப்படுத்தின; தூய்மையாக்கப்பட்ட கொலஸ்ட்ரோல் அவ்வாறு செய்யவில்லை.

1998 இல் சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டாப்ரான்ஸ் குழுவினர் இதனை மேலும் துலக்கினர். இரு தொகுதி முயல்களுக்கும் 0.33 சதவீதக் கொலஸ்ட்ரோல் கொண்ட உணவே வழங்கப்பட்டது. ஒரு தொகுதிக்கு மட்டும் அக்கொலஸ்ட்ரோலில் 5 சதவீதம் ஒட்சியேற்றமடைந்ததாக இருந்தது. குருதியில் கொலஸ்ட்ரோலின் அளவு இரு தொகுதிகளிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தும், அத்தொகுதியின் பெருநாடியில் கொழுப்புக் கோடுகள் இரு மடங்காகப் பெருகின. குருதிப் பரிசோதனை காட்டாத ஒன்றை நாடி காட்டிற்று என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

குடலால் அகத்துறிஞ்சப்படும் இப்பொருட்கள் கொழுப்பைக் காவிச் செல்லும் துணிக்கைகளில் ஏறிக்கொள்கின்றன. பழுதடைந்த துணிக்கைகளை நாடிச் சுவரிலுள்ள விழுங்கு கலங்கள் கட்டுப்பாடின்றி உள்வாங்கி, நுரைக் கலங்களாகப் பருத்து அங்கேயே தங்கிவிடுகின்றன. கொழுப்புப் படிவின் தொடக்கம் அதுவே.

எனினும் முயல் தாவர உண்ணி. கொலஸ்ட்ரோல் அதற்கு இயல்பான உணவன்று. சுண்டெலிகளில் நடந்த ஆய்வுகள் சில இம்முடிவை ஆதரிக்க, வேறு சில மறுத்துள்ளன. ஆகவே முயலுக்கு நேர்ந்தது மனிதருக்கும் அப்படியே நேருமென நாம் கூறவில்லை.

ஆயினும் எமது சமையலறைக்கு நெருக்கமான தகவலொன்றுண்டு. 1987 இல் 'லான்செற்' சஞ்சிகையில் எழுதிய ஜேக்கப்சன், புதிய வெண்ணெயில் காணப்படாத கொலஸ்ட்ரோல் ஒட்சைட்டுகள் இந்திய நெய்யின் ஸ்டெரோல்களில் 12 சதவீதமளவில் இருந்ததாக அறிவித்து, இந்தியக் குடியேறிகளிடையே காணப்படும் இதயநோய்க்கு இதுவும் காரணமாகலாம் என ஐயுற்றார். அது ஐயமே, நிரூபணமன்று. தேங்காயெண்ணெயில் கொலஸ்ட்ரோல் இல்லையென்று ஆறுதலடைவோரும் உளர். அது உண்மைதான், ஆனால் இறைச்சியும் மீனும் பொரித்த எண்ணெயில் அவற்றின் கொழுப்பும் கலந்துவிடுகின்றது. அதனையே மீண்டும் மீண்டும் கொதிக்கவைக்கும்போது ஒட்சியேற்றத்துக்கு வேண்டிய வெப்பமும் காற்றும் தாராளமாகவே கிடைத்துவிடுகின்றன.