சமூக ஊடகப் போக்குகளும் வணிகப் பெயர்களும்

ஒரு பொருளைப் பற்றி மக்கள் என்ன பேச வேண்டும் என்பதைப் பெரும்பாலும் விளம்பரதாரரே முடிவு செய்துவந்த காலம் ஒன்று இருந்தது. செய்தித்தாளில் இடமும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நேரமும் விலைக்கு வாங்கப்பட்டன. நுகர்வோர் கேட்பவராக மட்டுமே இருந்தார். சமூக ஊடகங்கள் இந்நிலையை மாற்றிவிட்டன. இன்று கைப்பேசி வைத்திருக்கும் எவரும் ஒரு பேச்சைத் தொடங்கி வைக்கலாம். சில மணி நேரத்தில் அது நாடெங்கும் பரவவும் கூடும். இவ்வாறு திடீரென எழுந்து, பலராலும் பின்பற்றப்பட்டு, பின்னர் அடங்கிவிடும் பேச்சு அல்லது வழக்கமே 'போக்கு' எனப்படுகிறது. பிராண்டு எனப்படும் வணிகப் பெயர்களுக்கு இதனால் விளையும் நன்மை என்ன, பொறுப்பு என்ன என்பது ஆராயத்தக்கதாகும்.

போக்கு உருவாகும் விதம்

ஒரே பொருள் பற்றிய பதிவுகளை ஒன்றுசேர்க்கும் 'ஹேஷ்டேக்' குறியீடு 2007-ஆம் ஆண்டில் ட்விட்டர் தளத்தில் முன்மொழியப்பட்டது. சிதறிக் கிடந்த கருத்துகள் ஒரே இழையில் கோக்கப்பட இது வழிசெய்தது. ஒரு சொல் மொத்தம் எத்தனை முறை எழுதப்பட்டது என்பதைவிட, வழக்கத்துக்கு மாறாக எவ்வளவு விரைவாகப் பெருகியது என்பதற்கே இத்தகைய தளங்களின் கணிப்பில் முதன்மை அளிக்கப்படுகிறது. எனவே, நாள்தோறும் சீராகப் பேசப்படும் செய்தி எவ்வளவு முக்கியமானதாயினும் போக்காக மாறுவதில்லை. குறும்படக் காட்சிகளைக் காட்டும் தளங்களில், பார்ப்பவர் எவ்வளவு நேரம் நிலைத்துப் பார்க்கிறார், பிறருக்கு அனுப்புகிறாரா என்பனவற்றைக் கொண்டு கணினி நிரல் அக்காட்சியை மேலும் பலருக்குக் கொண்டு செல்கிறது.

எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் காரணம்

பிறர் வாங்குவதைக் கண்டு வாங்குவோரும், பலர் வாங்கிவிட்டதனாலேயே விலகுவோரும் உண்டு என்பதைப் பொருளியல் அறிஞர் ஹார்வி லைபன்ஸ்டைன் 1950-இல் விளக்கினார். முதல் வகையினர் போக்கை உயர்த்துகின்றனர். இரண்டாம் வகையினர் அதன் புதுமை மங்கியதும் வேறொன்றை நாடுகின்றனர். நிறுவனங்கள் பலவும் ஒரே வேடிக்கையைப் பின்பற்றத் தொடங்கும்போது இம்மங்கல் விரைவடைகிறது. காலந்தாழ்ந்து வரும் நிறுவனம் செலவை மட்டுமே காண்கிறது.

சிறு உற்பத்தியாளருக்கு இதில் மற்றோர் இடரும் உண்டு. தேசியக் கைத்தறி நாள் 2015 முதல் ஆகஸ்டு 7 அன்று கொண்டாடப்படுகிறது. 2016-இல் அந்நாளையொட்டிக் கைத்தறி ஆடை அணிந்த படங்களைப் பலர் சமூக ஊடகங்களில் வெளியிட்டனர். கைத்தறியின் மீது மக்களின் கவனம் திரும்பியது வரவேற்கத்தக்கதே. ஆயினும், நுணுக்கமான வேலைப்பாடுள்ள ஒரு பட்டுச் சேலை தறியில் பல நாள் நெய்யப்படுகிறது. போக்கோ சில நாளில் அடங்கிவிடுகிறது. திடீர்த் தேவையை நம்பிக் கடன் வாங்கி நூல் வாங்கும் நெசவாளரிடம் சரக்குத் தேங்கும் வாய்ப்புண்டு. வந்த கவனத்தை நிலையான வாடிக்கையாக மாற்றும் கூட்டுறவு விற்பனை அமைப்பு இருந்தால்தான் போக்கின் பயன் நெசவாளரைச் சென்றடையும்.

தளங்களும் நிலையானவை அல்ல. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளுக்கு இந்திய அரசு தடை விதித்தது. அதே ஆண்டிலேயே குறும்படக் காட்சிகளுக்கு இன்ஸ்டாகிராமும் யூடியூபும் இந்தியாவில் இடமளித்தன. பார்வையாளர் இடம்பெயர்ந்தனர், ஒரே தளத்தை நம்பியிருந்தோர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது.

நுகர்வோரின் கேள்வி

போக்கு எப்போதும் நிறுவனத்துக்குச் சாதகமாகவே அமையும் என்பதற்கில்லை. 2023 ஏப்ரலில் போர்ன்விட்டா பானத்தூளின் சர்க்கரை அளவைக் குறைகூறிய ஒரு காட்சி பெருமளவில் பரவியது. அதிலுள்ள கருத்துகள் சரியானவை அல்ல என மறுத்த நிறுவனம் சட்ட அறிவிப்பு அனுப்பியது, காட்சி நீக்கப்பட்டது. ஆனால் பேச்சு அடங்கவில்லை. தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் நிறுவனத்திடம் விளக்கம் கோரியது. அவ்வாண்டின் இறுதியில் சேர்க்கப்படும் சர்க்கரையின் அளவு ஏறத்தாழ 14 சதவீதம் குறைக்கப்பட்டது. 2024 ஏப்ரலில், இத்தகைய பானங்களை 'ஆரோக்கிய பானம்' என்ற பிரிவின்கீழ் காட்டலாகாது என மத்திய வர்த்தக அமைச்சகம் மின்வணிக நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பேச்சை நிறுத்துவதால் கேள்வி மறைவதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சட்டத்தின் பங்கு

விலை கொடுத்து உருவாக்கப்படும் போக்கு, மக்களிடையே தானாக எழுந்தது போலத் தோற்றமளிப்பதே நுகர்வோருக்கு நேரும் பெருந்தீங்கு. நண்பரின் பரிந்துரை என நம்பி அவர் வாங்குவது உண்மையில் விளம்பரமாக இருக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் 2020 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. தவறான விளம்பரத்துக்கு ரூ.10 லட்சம் வரையிலும், தொடர்ந்து தவறு செய்வோருக்கு ரூ.50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க அதற்கு அதிகாரமுண்டு. பொருளைப் பரிந்துரைப்போர் அவ்வாறு செய்வதற்கு ஓராண்டும், தவறு தொடர்ந்தால் மூன்றாண்டும் தடை விதிக்கப்படலாம்.

பணம் மட்டுமன்றி, இலவசப் பொருள், பயணம், தங்கும் வசதி ஆகியவற்றைப் பெற்றுப் பரிந்துரைப்போரும் அதனை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் என 2023 ஜனவரியில் வெளியான அரசின் வழிகாட்டி கூறுகிறது. பரிந்துரை எந்த மொழியில் உள்ளதோ அம்மொழியிலேயே அறிவிப்பும் இருத்தல் வேண்டும். காட்சிப் பதிவாயின் எழுத்திலும் ஒலியிலும் இடம்பெறுதல் வேண்டும்.

சட்டம் பொய்யைத் தண்டிக்கலாம். நம்பிக்கையை உண்டாக்க இயலாது. போக்கு ஒரு வணிகப் பெயருக்கு மக்களின் கவனத்தைச் சில நாள் பெற்றுத்தரும். அக்கவனம் நம்பிக்கையாக நிலைபெறுவது பொருளின் தரத்தையும், சொல்லின் நேர்மையையும், குறை சொல்வோருக்கு அளிக்கும் விடையையும் பொறுத்ததாகும். பதிவைக் கண்டவுடன் 'இதைச் சொல்பவர் யார், அவர் பெறுவது என்ன?' என்று கேட்கும் பழக்கம் நுகர்வோரிடம் வளர்தல் இன்றியமையாதது. விழிப்புள்ள நுகர்வோரே நேர்மையான வணிகத்துக்கு உற்ற துணையாவர்.